பாம்பு பிடிக்கிற பொண்ணுன்னா போட்டோ மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல அமெரிக்காவுல மலைப்பாம்பு வேட்டைக்கு போற பெண்கள் பத்தி வந்திருந்தத பார்த்தேன். சந்தோஷம்தான், ஆனா அரைப் பக்கத்துக்கு படம், கீழ "சிங்கப்பெண்"னு ஒரு வரி, அவ்ளோதான் மேட்டர். 2025 ஜூலைல ஃப்ளோரிடாவுல பத்து நாள் போட்டி நடந்துச்சு, மொத்தம் சிக்கின 294 பாம்புல 60 பாம்பு டெய்லர் ஸ்டான்பெர்ரி ஒருத்தங்க கணக்கு, முதல் பரிசு பத்தாயிரம் டாலர் ஒரு பெண்ணுக்கு போனது அதுதான் முதல் தடவை, அதையாவது எழுதியிருக்கலாம்ல. எங்க வீட்ல படத்த காட்டினா அவரு கேட்ட முதல் கேள்வி, "புருஷன் எப்படி விட்டான்?" வெறும் போட்டோ போட்டா கேள்வியும் இப்படித்தான் வரும் சார்.

எனக்கு உயிரக் கொல்றது புடிக்காது. ஆனா இது பொழுதுபோக்கு வேட்டை மாதிரி இல்ல. வீட்ல வளக்கன்னு வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்த பாம்பு, தப்பிச்சது, பெருசானதும் வளக்க முடியாம விட்டதுன்னு ஃப்ளோரிடாவோட எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம் பூரா பெருகிடுச்சு, அதுங்க திங்கறதால ரக்கூன்ங்கற சின்ன காட்டு மிருகம் கண்ணுல படறதே 99 சதவீதம் கொறஞ்சிடுச்சுன்னு 2012லயே ஆய்வு வந்தாச்சு. அதனாலதான் 2017ல இருந்து அரசாங்கமே கூலி குடுத்து ஆள் வைக்குது. அதுல டோனா கலில்னு ஒரு அம்மா, ராத்திரில வண்டி மேல நின்னுகிட்டு லைட் அடிச்சு புல்லுக்குள்ள தேடறாங்க. பாம்பு அளவுக்கு தனி காசு, 4 அடி வரைக்கும் 50 டாலர், அதுக்கு மேல அடிக்கு 25ன்னு ஆரம்பிச்சாங்க.

அதே 2017ல இந்த வேலைக்கு நம்ம செங்கல்பட்டு பக்கத்து இருளர் ரெண்டு பேர, மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும், அங்க கூப்பிட்டாங்க, முதல் ரெண்டு வாரத்துக்குள்ளயே 13 பாம்பு. 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. நல்லது. ஆனா இருளர்ல பொண்ணுங்களும்தான் காட்டுக்கு போறாங்க, புருஷன் பொண்டாட்டி சேந்து பாம்பு தேடறது அங்க புதுசு கிடையாது. நான் சின்ன வயசுல எங்க வயல்ல பார்த்திருக்கேன், ஒரு அம்மா அடியில ஓட்டை போட்ட மண்பானையில வைக்கோல் பத்தவச்சு, எலி வளை வாயில கவுத்து, அந்த ஓட்டை வழியா ஊதி ஊதி புகைய உள்ள விடுவாங்க, கண்ணெல்லாம் செவந்து தண்ணியா ஊத்தும். எலிய பிடிச்சிட்டு வளைக்குள்ள அது சேத்து வச்ச நெல்லயும் தோண்டி எடுத்து மடியில கட்டிட்டு போவாங்க. யாரும் போட்டோ எடுத்தது இல்ல.

அடுத்த இணைப்புக்கு நிருபர ஒருத்தர இந்த இருளர் பொண்ணுங்ககிட்ட அனுப்புங்க சார். சிரிச்சு போஸ் குடுக்க சொல்ல வேணாம், வளைக்குள்ள இருக்கறது எலியா நாகமான்னு எப்படி கண்டுபிடிக்கிறீங்கன்னு மட்டும் கேக்க சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செங்கல்பட்டு மாவட்டம்