மூளை ஆய்வுக்கு நிதி வழங்கும் பன்னாட்டு அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோரே,

வணக்கம். வலிப்பு நோயோடு வாழும் ஏறத்தாழ 5 கோடிப் பேரில் 80 விழுக்காட்டுக்கு நெருக்கமானோர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நாடாப்புழுத் தொற்றால் மூளையில் தோன்றும் நீர்க்கட்டிகள், மூளை மலேரியா, சரிவரப் பதப்படுத்தாத கசப்பு மரவள்ளியை உண்பதால் கால்களை முடக்கும் கொன்சோ ஆகியவற்றின் சுமையும் பெரும்பாலும் அந்நாடுகளின் மீதே விழுகிறது. அவற்றை ஆராயும் திறன் அங்கேயே வளர வேண்டும் என்பதில் உங்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் உங்கள் திட்டங்களில் பல, பயிற்சியோடு நின்றுவிடுகின்றன.

பயிற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. விலங்குக்கூடங்களுக்குப் பெருஞ்செலவு செய்ய இயலாத பல்கலைக்கழகங்களிலும் பழ ஈக்களைக் கொண்டு நரம்பியல் ஆய்வைத் தொடங்கலாம் என்பதை, ஆப்பிரிக்காவில் 'டிரெண்ட்' அமைப்பு நடத்திவரும் பயிலரங்குகள் காட்டியிருக்கின்றன. பயிற்சி முடித்துத் திரும்புபவருக்கு என்ன காத்திருக்கிறது என்பதே என் கேள்வி. ஆய்வுக்கென்று பணியிடம் இருப்பதில்லை. கிடைக்கும் வேலையிலோ வகுப்புகளே நேரம் முழுவதையும் விழுங்கிவிடுகின்றன. குளிரிலேயே வைத்திருக்க வேண்டிய வேதிப்பொருள் சுங்கத்தில் கிடந்து கெடுகிறது. நன்கொடையாக வந்த நுண்ணோக்கி மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் பழுதாகிறது. அதைச் சரிசெய்யும் பொறியாளரின் பயணச் செலவுக்கு எந்த நிதித்திட்டத்திலும் தலைப்பு இல்லை. கருவியை ஒப்படைக்கும் விழாவுக்கு மட்டும் எப்படியோ பணம் கிடைத்துவிடுகிறது! அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நேரடியாக அளித்த நிதியில், மறைமுகச் செலவுகளுக்கான உச்சவரம்பு நெடுங்காலம் 8 விழுக்காடாகவே இருந்தது. மின்சாரமும் கணக்கரும் பராமரிப்பும் அதற்குள் அடங்க வேண்டும் என்றால் எப்படி?

கொலம்பியாவின் அந்தியோக்கியா பகுதியில், இளவயதிலேயே அல்சைமர் நோய்க்கு ஆளாகும் ஒரு பெருங்குடும்பத்தை மருத்துவர் பிரான்சிஸ்கோ லொப்பேராவின் குழு 1980களிலிருந்து பின்தொடர்ந்தது. நோயை உண்டாக்கும் மரபணு மாற்றம் இருந்தும் பல பத்தாண்டுகள் அதற்கு ஆட்படாமல் வாழ்ந்த ஒரு பெண்ணைப் பற்றிய ஆய்வு 2019இல் வெளியானது. வெளிநாட்டு ஆய்வகங்களும் அதில் பங்கேற்றன என்பது உண்மைதான். ஆனால் அக்குடும்பங்களின் நம்பிக்கையைத் தலைமுறை கடந்து காத்தது உள்ளூர்க் குழுவே. மூன்றாண்டுத் திட்டம் எதிலும் அது கைகூடியிருக்காது.

ஆகவே, அடுத்த அறிவிப்பிலேனும் நிதிக்காலத்தைப் பத்தாண்டுகளாக நீட்டுங்கள்; திரும்பிவரும் ஆய்வாளரின் சம்பளத்தில் ஒரு பங்கை, அவருடைய பல்கலைக்கழகம் படிப்படியாக ஏற்றுக்கொள்ளும் எழுத்துப்பூர்வ உறுதியோடு, நீங்கள் வழங்குங்கள். கருவி வாங்கத் தரும் ஒவ்வொரு தொகையோடும் பராமரிப்புக்கும், அங்கேயே ஒரு தொழில்நுட்பரைப் பயிற்றுவிப்பதற்கும் தனித் தொகை ஒதுக்குங்கள். திரட்டப்படும் தரவுகளும் இரத்த மாதிரிகளும் யார் பொறுப்பில் இருக்கும் என்பதை, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே அந்நாட்டு ஆய்வாளரோடு அமர்ந்து முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
நரம்பியல் ஆய்வில் அக்கறையுள்ள ஒருவர்