ஆட்டு நுரையீரலை ஏன் நிறுத்திவிட்டோம்: பச்சைக் கறி வாங்குகிறவர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

நாய்க்கென்று வாரா வாரம் நம் கடையில் பச்சைக் கறி பாக்கெட் வாங்கிப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். போன வாரம் ஆட்டு நுரையீரல் கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் பலர். சரக்கு வராமல் இல்லை, விற்பதையே நிறுத்திவிட்டோம். ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) இனி வேகவைத்துத்தான் கிடைக்கும். பணம் வாங்கிப் போடுகிற நேரத்தில் சொல்லி முடிக்கிற காரணம் இல்லை என்பதால்தான் இந்த மடல்.

அன்று காலை நுரையீரல்களைக் கழுவித் துண்டு போட்டுக்கொண்டிருந்தோம். ஒன்றில் கத்தி வைத்ததும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பார்த்தால் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி, உரித்த முட்டைத் தோல் மாதிரி வெள்ளைச் சவ்வு, உள்ளே தெளிந்த தண்ணீர், அடியில் பொடி மணல் போல எதுவோ தேங்கியிருந்தது. நம் நாய்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம், பார்த்ததும் சொல்லிவிட்டார். ஹைடாடிட் நீர்க்கட்டி. அந்த மணல் ஒவ்வொன்றும் ஒரு நாடாப்புழுவின் தலை.

இதை நாய் பச்சையாகத் தின்றால் குடலில் அந்தப் புழு வளரும். ஒரு சென்டிமீட்டர்கூட நீளம் இருக்காது, நாய்க்கும் ஒன்றும் செய்யாது, நன்றாகச் சாப்பிடும், ஓடும், விளையாடும். ஏழெட்டு வாரத்தில் அதன் மலத்தில் புழுவின் முட்டை வர ஆரம்பிக்கும். அது நாயின் ரோமத்தில் ஒட்டும். வீட்டுக் குழந்தை நாயைத் தடவிவிட்டுக் கை கழுவாமல் வாயில் வைத்தால் போதும், ஆட்டுக்கு வந்த அதே கட்டி குழந்தையின் ஈரலிலோ நுரையீரலிலோ வளரும். வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்ந்து, தெரியவரும்போது ஆபரேஷன் வரைக்கும் போகலாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, கிலோவுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று பார்த்துக்கொண்டு அதை விற்க எங்களுக்கு மனம் வரவில்லை.

இதுவரை வாங்கிக் கொடுத்தவர்கள் பதற வேண்டாம், ஆனால் பூச்சி மருந்து விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். எல்லாப் பூச்சி மருந்தும் இந்தப் புழுவைக் கொல்லாது. பிராசிகுவான்டெல் என்ற மருந்து சேர்ந்திருக்க வேண்டும். நாய்க்கு ஆட்டு உள்ளுறுப்பு பச்சையாகக் கொடுத்திருக்கிறோம் என்று மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நாங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயம். டீப் ஃப்ரீசரில் வைத்த கறியில் கிருமி இருக்காது என்று கடையில் சிலரிடம் சொல்லியிருக்கிறோம். அது தவறு. உறைநிலையில் பல புழுக்கள் சாகும், ஆனால் சால்மொனெல்லா மாதிரி பாக்டீரியா சாகாது, தூங்கும், அவ்வளவுதான். ஐஸ் விட்டதும் எழுந்துகொள்ளும், அதிலும் நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் இரண்டு மணி நேரம் மேடையில் கிடந்தால் எப்படிப் பெருகும் என்று சொல்லவே வேண்டாம். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2012-லேயே பச்சை இறைச்சி வேண்டாம் என்று சொன்னதற்கு இதுதான் காரணம், நாய்க்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் கிண்ணம் கழுவுகிறவருக்கு வரலாம். அதனால் கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர்கள், கீமோ எடுப்பவர்கள் உள்ள வீடு என்றால் தயவுசெய்து வேகவைத்தே கொடுங்கள். மற்றவர்களும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடிவைத்து ஐஸ் விடவிடுங்கள், நாய் தின்றதும் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், கிண்ணத்தைத் தனியாகச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இரவெல்லாம் கரண்ட் போய்க் கறி இளகிவிட்டதென்றால் மறுபடி உறைய வைக்காதீர்கள்.

அப்புறம் குட்டிகள். சில மாதங்களுக்கு முன் ஒருவர் நான்கு மாத ராஜபாளையம் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கீழே விட்டபோது முன்னங்கால்கள் இரண்டும் வில்லாக வளைந்து, பாதம் தட்டையாகப் பரந்து, நான்கு அடி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டது. குட்டிக்கு நல்லதைக் கொடுக்க வேண்டும் என்று ஒன்றரை மாதமாக எலும்பில்லாத கோழிக்கறி மட்டுமே கொடுத்திருக்கிறார். வெறும் கறியில் பாஸ்பரஸ் நிறைய, சுண்ணாம்புச்சத்து கிட்டத்தட்ட இல்லை, அந்தக் குறையை உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அந்தக் கறி நம் கடையில் வாங்கியது. குட்டிக்கு எத்தனை மாதம் என்று நாங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறோம், கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட நாய்க்குப் பச்சைக் கறி அளவு நாங்கள் சொல்வதில்லை, சுண்ணாம்புச்சத்து குறைந்தாலும் ஆபத்து, பெரிய இனக் குட்டிகளுக்குக் கூடினாலும் ஆபத்து, மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அதன்படி பாக்கெட் போட்டுத் தருகிறோம்.

வளர்ந்த நாய்க்குப் பச்சைக் கறி கொடுப்பவர்கள் வழக்கமாகப் பின்பற்றும் கணக்கு, உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம், அதில் 80 பங்கு தசைக்கறி, 10 எலும்பு, 10 உள்ளுறுப்பு. 20 கிலோ நாய்க்கு நாளைக்கு 500 கிராம் என்றால் எலும்பு 50 கிராம்தான். தோலோடு உள்ள கோழிக் கழுத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் எலும்பு என்பதால் 150 கிராம் கழுத்து கொடுத்தாலே அது வந்துவிடும். ஈரல் 25 கிராமைத் தாண்ட வேண்டாம், நாய் ஆசையாகத் தின்கிறதே என்று தினமும் தட்டு நிறைய வைத்தால் வைட்டமின் ஏ சேர்ந்து சேர்ந்து எலும்பையே கெடுக்கும். இந்தக் கணக்கைச் சரியாகப் பிடித்தாலும் துத்தநாகம், வைட்டமின் ஈ மாதிரி சிலவற்றில் பற்றாக்குறை வரலாம், அதையும் மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் மிஞ்சிய எலும்பு மட்டும் வேண்டவே வேண்டாம். வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். ஆட்டுத் தொடை எலும்பு பச்சையாக இருந்தாலும் பல்லை உடைத்துவிடும்.

நாய் ஓநாயின் வம்சம், சோறு அதற்கு விஷம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அப்படி இல்லை. 2013-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் நாயின் மரபணுவை ஓநாயோடு ஒப்பிட்டபோது, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு நாய்க்குப் பல மடங்கு கூடியிருந்தது. மனிதரோடு சேர்ந்து கூழும் சோறும் தின்று வந்த வயிறு அது. வேகவைத்த கோழியோடு கொஞ்சம் சோறோ கேழ்வரகோ பிசைந்து வைப்பவர்கள், மருத்துவர் சொன்ன அளவில் கால்சியமும் சேர்த்துக்கொண்டால், பச்சைக் கறி வைப்பவர்களைவிட நாயை ஒன்றும் குறைவாகக் கவனிக்கவில்லை. எங்கள் வியாபாரம் பச்சைக் கறியாக இருந்தும் இதைச் சொல்கிறோம்.

கடைசியாக, உங்கள் ஃப்ரீசரில் நம் கடை நுரையீரல் பாக்கெட் மீதம் இருந்தால் அப்படியே கொண்டு வாருங்கள், பில் இல்லாவிட்டாலும் பணம் திரும்பத் தருகிறோம். வர முடியாதவர்கள் நன்றாகக் கொதிக்க வைத்து, ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். குப்பைத் தொட்டியில் போட வேண்டாம், தெருநாய் இழுத்துத் தின்றுவிடும்.

அன்புடன்,
கடையிலிருந்து