இதை எனக்குத் தர முடியுமா, மாமா?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது என்பதை உன் கையெழுத்தே சொல்லிவிட்டது. வரிகள் மறுபடி நேராக ஓடுகின்றன. நான்கு பக்கங்களையும் இரண்டு முறை படித்தேன். கடைசிப் பக்கத்தை மட்டும் அதற்கும் மேல்.

சிறிய வீட்டுக்கு மாறப் போகிறாய், அலமாரியில் இருக்கும் எஸ்ஏசிடி, டிவிடி ஆடியோ வட்டுகளை, சிடியைவிட உயர்ந்த தரம் என்று நாம் தேடி வாங்கிய அந்த இசை வட்டுகளை, மகனிடம் கொடுக்க நினைத்தாய், அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. "இந்தத் தலைமுறைக்குக் காதே இல்லை" என்று முடித்திருக்கிறாய். ஒரு வருடத்துக்கு முன்பு இந்த வரியின் கீழ் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். இப்போது முடியாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் தங்கை மகள் படிப்புக்காக என்னுடன் வந்து தங்கியிருக்கிறாள். 19 வயது. காதில் இயர்பட் இல்லாமல் அவளைப் பார்ப்பது அபூர்வம். வந்த முதல் வாரம் ஒரு மாலையில் கூடத்தில் இருக்கும் ஐந்து ஒலிபெருக்கிகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத்தனை எதற்கு?" என்று கேட்டாள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பழைய ஆல்பத்தின் எஸ்ஏசிடி என்னிடம் இருந்தது. நடு நாற்காலியில் உட்காரவைத்துப் போட்டேன். இரண்டாவது பாட்டின் பாதியில் சட்டென்று நிமிர்ந்தாள். "இங்கே பின்னால் ஒரு பெண் குரல் வருகிறது. இந்தப் பாட்டை நூறு முறை கேட்டிருக்கிறேன், இப்படி ஒரு குரல் இருப்பதே தெரியாது" என்றாள். திரும்பப் போடச் சொன்னாள். மூன்று முறை கேட்டாள். பிறகு, "இதை எனக்குத் தர முடியுமா, மாமா?" என்றாள்.

முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. வட்டை எடுத்துக்கொண்டு போகலாம், ஆனால் அவளுடைய மடிக்கணினியால் அதைப் படிக்க முடியாது. வட்டுப் படிப்பான் இருக்கும் கணினியில் போட்டாலும், வட்டின் இரண்டு அடுக்குகளில் சாதாரண சிடி அடுக்கு மட்டும்தான் தெரியும். அவள் கேட்ட அந்த அடுக்கு கணினிகளுக்குக் கண்ணில் படாதபடி செய்யப்பட்டது. "காசு கொடுத்து வாங்கிய வட்டுதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. 1999 ஐ நினைத்துப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். சோனியும் பிலிப்ஸும் எஸ்ஏசிடியைக் கொண்டுவந்த வருடம் அது. ஒலியை நொடிக்கு 28,22,400 முறை அளந்து எடுத்த மாதிரிகள், சிடியைப் போல 64 மடங்கு என்று நீ என்னிடம் மனப்பாடமாக ஒப்பித்தாய். மறு வருடமே போட்டிக்கு டிவிடி ஆடியோ வந்தது: ஒவ்வொரு மாதிரிக்கும் 24 பிட் நுணுக்கம், இடம் வலம் என்ற இரண்டு தடங்களுக்கு 192 கிலோஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 1,92,000 மாதிரிகள். இரண்டு கட்சிகள். ஒன்றின் வட்டு மற்றொன்றின் கருவியில் ஓடாது. இரண்டு தரப்புக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு பயம்தான்: யாராவது நகலெடுத்துவிடுவார்களோ என்ற பயம். அதனால் ஆரம்ப காலக் கருவிகளில் உயர்தர ஒலியை டிஜிட்டலாக வெளியே எடுக்க வழியே வைக்கவில்லை. ஆறு அனலாக் கேபிள்கள். நீ டார்ச் பிடிக்க, நான் ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் தவழ்ந்து எது நடு ஒலிபெருக்கி, எது பின்பக்கம் என்று தேடிய அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும்.

அதே 1999 இல்தான் இணையத்தில் பாட்டுக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள வைத்த நாப்ஸ்டர் வந்தது. 2001 இல் ஐபாட். அப்போது பதினைந்து வயதில் இருந்த ஒரு பையனின் இடத்தில் நின்று பார். ஒரு பக்கம், ஆயிரம் பாட்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். 128 கிலோபிட் எம்பி3 என்பது சிடியில் இருக்கும் தகவலில் பதினொன்றில் ஒரு பங்குதான். இருந்தாலும் அது அவனோடு நடந்து வரும், நண்பனிடம் போகும். மறுபக்கம், நாம் போற்றிய வட்டு. தனிக் கருவி வேண்டும், தனி அறை வேண்டும், கணினியில் போடக்கூடாது, நண்பனுக்குக் கொடுக்கக்கூடாது. அவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? அதற்காக அவனுக்குக் காது இல்லை என்று சொல்வது நியாயமா?

நம்மையே எடுத்துக்கொள். நாம் இசையைக் காதலிக்கத் தொடங்கியது எதில்? கேசட்டில். அதுவும் நகலின் நகலில். பாட்டுக்கு முன்னால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் வரும், அதைக் கேட்டே எந்தப் பாட்டு வரப்போகிறது என்று சொல்லிவிடுவோம். எழுதுகோலை நுழைத்துச் சுற்றிய நாடாவில் நாம் அழுதிருக்கிறோம். அப்போது எந்தப் பெரியவராவது நம்மைப் பார்த்துக் காது கேட்காத தலைமுறை என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

சரி, தங்கை மகளிடம் திரும்புகிறேன். அவள் விட்டுவிடவில்லை. மூன்றாம் நாள் யாரிடமிருந்தோ ஒரு சிறிய ஒலிப்பதிவுப் பெட்டியை வாங்கி வந்தாள். "டிஜிட்டலாகத்தானே எடுக்க முடியாது? பின்னால் அந்தச் சிவப்பு, வெள்ளைக் கேபிளில் ஒலி வருகிறதே, அதைப் பதிவு செய்தால் என்ன?" என்றாள். அந்த ஓட்டை எப்போதும் திறந்துதான் இருந்தது, எனக்குத்தான் தோன்றவில்லை. வட்டின் இரண்டு தடப் பதிவை ஓடவிட்டு, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் கணினியில் இறக்கினாள். வட்டு ஓடி முடியும் வரை காத்திருக்க வேண்டும், குறுக்குவழி கிடையாது. இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். வானொலியிலிருந்து கேசட்டில் பதியும்போது நானும் நீயும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அதே மாதிரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு அவள் செய்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. அந்தக் கோப்பைச் சிடி தரத்துக்கு, அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்து இன்னொரு கோப்பாக வைத்தாள். எது எது என்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கேட்கவைக்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. 16 முறை கேட்டுச் சொல்ல வேண்டும். 12 சரியாக இருந்தால்தான் குருட்டாம்போக்கு இல்லை என்று ஓரளவு நம்பலாம். எனக்கு 7. அவளுக்கு 9. அந்தப் பெண் குரலோ இரண்டு கோப்புகளிலும் அப்படியே, அதே தெளிவோடு இருந்தது.

நான் சோர்ந்து போனேன் என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். இருபது வருடங்களாக வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்த 28 லட்சம் மாதிரிகளின் பெருமையைச் சொல்லியிருக்கிறேன். பிறகு தேடிப் படித்தேன். இதே சோதனையை 2007 இல் பிராட் மேயரும் டேவிட் மோரனும் பெரிய அளவில் செய்து, ஆடியோ பொறியியல் சங்கத்தின் இதழில் எழுதியிருக்கிறார்கள். எஸ்ஏசிடி, டிவிடி ஆடியோ வட்டுகளின் ஒலியை நேராகவும், நடுவில் சிடி தரத்துக்கு இறக்கியும் கேட்கவைத்தார்கள். 554 முறையில் 276 முறை சரியான விடை. நாணயத்தைச் சுண்டினாலும் அவ்வளவுதான் கிடைக்கும். 2016 இல் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது சரியான விடை 52.3 சதவீதம் வந்தது. பயிற்சி பெற்ற காதுகளுக்கு அதைவிடக் கூடுதல். ஆக, ஏதோ இருக்கலாம், ஆனால் மிக மெல்லியது. 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகமே 22,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் வரை பிடித்துவிடுகிறது, மனிதக் காதின் எல்லை 20,000. என் காது அண்மைப் பரிசோதனையில் 8,000 க்கே தடுமாறியது. உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கக்கூடிய காது அவளிடம் இருக்கிறது, கருவி என்னிடம் இருக்கிறது.

ஆனால் மேயரும் மோரனும் இன்னொன்றையும் குறித்திருக்கிறார்கள், அதில்தான் எனக்கு ஆறுதல் கிடைத்தது. அவர்கள் கேட்ட எஸ்ஏசிடி, டிவிடி ஆடியோ வட்டுகள் பெரும்பாலான சிடிக்களைவிட உண்மையாகவே நன்றாக ஒலித்தனவாம். காரணம் வட்டின் எண்கள் அல்ல, அதைத் தயாரித்த பொறியாளர்களின் கவனம். கேட்பவர்கள் சிலர்தான், அக்கறையோடு கேட்பார்கள் என்று தெரிந்ததால், அவர்கள் ஒலியை நசுக்காமல் விட்டார்கள். வானொலியில் பக்கத்துப் பாட்டைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி நிறுத்திய காலம் அது. மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒன்றாகிவிட்டால் பின்னணிக் குரல் எங்கே நிற்கும்? அவள் போனில் இருந்தது அப்படி இறுக்கப்பட்ட பதிப்பு. நாம் அத்தனை வருடம் ரசித்தது பொய்யில்லை நண்பா. காரணத்தைத்தான் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இப்போது உன் மகனின் பக்கம் யோசி. 2021 இலிருந்து ஆப்பிள் மியூசிக் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை கூடுதல் கட்டணம் இல்லாமலே தருகிறது. 2025 இல் ஸ்பாட்டிஃபையும் இழப்பில்லாத ஒலிக்கு, அதாவது சுருக்கும்போது எதையும் வெட்டி எறியாத ஒலிக்கு, வந்துவிட்டது. நாம் தேடித் தேடி வாங்கிய எண்கள் அவனுடைய போனில் ஒரு சிறு பொத்தானாக இருக்கின்றன. அவன் அதை அழுத்தினாலும், ப்ளூடூத்தில் போகும்போது மறுபடி சுருங்கித்தான் காதை அடையும். எண்களைக் காட்டி அவனை இழுக்க முடியாது.

ஆனால் கையில் பிடிக்கும் பொருள் மேல் இளையவர்களுக்கு ஆசை இல்லை என்று மட்டும் சொல்லாதே. அமெரிக்காவில் 2022 இல் வினைல் இசைத்தட்டுகள் 4.1 கோடி விற்றன, சிடிக்கள் 3.3 கோடிதான். எண்ணிக்கையில் வினைல் முந்தியது 1987 க்குப் பிறகு அதுதான் முதல் முறை. அளந்து பார்த்தால் வினைலின் ஒலி சிடியைவிடக் குறைந்தது. தங்கை மகளிடமும் மூன்று தட்டுகள் இருக்கின்றன. சுழற்றும் கருவி இல்லை. மேசை மேல் சாய்த்து வைத்திருக்கிறாள். முன்பானால் எனக்கு எரிச்சல் வந்திருக்கும். நீ உன் முதல் எஸ்ஏசிடியை வாங்கிவிட்டு, கருவி வாங்க எட்டு மாதம் காத்திருந்ததும், தினமும் அதன் பெட்டிக்குள் வரும் சிறுநூலை எடுத்துப் படித்ததும் இப்போது நினைவுக்கு வருகிறது. நம் வட்டுகளின் பிளாஸ்டிக் பெட்டியும் பொடி எழுத்தும் அப்படி ஆசையைத் தூண்டுவதில்லை என்பது வேறு விஷயம்.

அலமாரியை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். மொத்தமாகத் தள்ளிவிடாதே, அவ்வளவுதான் என் வேண்டுகோள். ஐந்து, ஆறு தடங்களில் கலக்கப்பட்டவற்றை முதலில் தனியே எடுத்து வை, அவற்றில் பலவற்றுக்கு வேறு வடிவமே கிடையாது. 1970களில் நான்கு ஒலிபெருக்கிகளுக்காகச் செய்த பழைய கலவைகள் சில எஸ்ஏசிடியில்தான் மறுபடி உயிர் பெற்றன. சிடியாகவும் ஓடும் இரட்டை அடுக்கு வட்டுகளை யாருக்குக் கொடுத்தாலும் பயன்படும். புளூ-ரே வட்டில் வந்த இசையான புளூ-ரே ஆடியோவைப் பற்றிக் கவலை வேண்டாம், எந்த புளூ-ரே கருவியும் அதைப் படிக்கும். என் பெரிய கவலை கருவிகள்தான். வட்டுக் கருவிகளுக்கு நாம் நம்பிய ஓப்போ நிறுவனம் 2018 இலேயே புதிய தயாரிப்பை நிறுத்திவிட்டது. என் கருவியும் இப்போதெல்லாம் வட்டை அடையாளம் காண நீண்ட நேரம் எடுத்துக்கொள்கிறது. யாருக்காவது வட்டுகளைக் கொடுத்தால் கருவியையும் சேர்த்துக் கொடு. பூட்டை மட்டும் கொடுத்துச் சாவியை வைத்துக்கொள்ளாதே.

உன் மகனிடம் இன்னொரு முறை கேட்டுப் பார். இந்த முறை வட்டுகளைப் பற்றி எதுவும் பேசாதே. அவனை நடு நாற்காலியில் உட்காரவைத்து, அவனுக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போடு. பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு. சென்ற ஞாயிறு தங்கை மகளின் தோழிகள் இருவர் வந்தார்கள். ஒருத்தி பத்து நிமிடத்தில் போனை எடுத்துவிட்டாள். மற்றொருத்தி விளக்கை அணைக்கச் சொன்னாள்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். கண்ணுக்கு மருந்து விடுவதை நிறுத்திவிடாதே, உனக்கு இரண்டு வாரத்தில் அலுத்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு கோரிக்கை, இது என்னுடையது இல்லை. உன்னிடம் இருக்கும் அந்தப் பியானோ தனிக் கச்சேரி வட்டைப் பற்றி அவளிடம் சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமைக்காக அந்த ஒலிப்பதிவுப் பெட்டியை மறுபடி இரவல் கேட்டு வைத்திருக்கிறாள். அதற்குள் வந்து சேரும்படி அனுப்பு. சிறுநூலையும் சேர்த்து வை, அவள் அதைத்தான் முதலில் கேட்டாள்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்