சுருள்பாசித் தொட்டிக்கு முதலில் கூரை போடுங்கள்

மியன்மார், மோல்மீன் கோயில் அறங்காவலர் குழுவினருக்கு,

வணக்கம். கோயிலுக்குப் பின்னால் கிடக்கும் காலி மனையில் மூன்று திறந்த தொட்டி கட்டி, சுருள்பாசி (ஸ்பைருலினா என்ற உண்ணத்தக்க நுண்பாசி) வளர்த்துத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். நல்ல காரியம்தான். "புதலின் ஊர்ப் பக்கம் ட்வின்டாங் ஏரியில் தானாகவே விளையுதே, நமக்கு விளையாதா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டாராம். விளையும். ஆனால் மழை விடாது.

ட்வின்டாங், எரிமலை வாயில் தேங்கிய ஏரி. தண்ணீரே இந்தப் பாசிக்கு வேண்டிய காரத்தன்மை கொண்டது. ஊரும் மழை குறைந்த வறண்ட பூமி. நமக்கோ ஆடி மாதத்தில் மட்டும் 1000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. தொட்டியில் நிற்கப்போவது 20 சென்டிமீட்டர் தண்ணீர். அந்த ஆழத்தைப் போல ஐந்து மடங்கு மழை அதே தொட்டிக்குள் விழுந்தால் பாசியும் வழிந்து போகும், காரத்துக்காகக் காசு கொடுத்துக் கொட்டிய சோடா உப்பும் போகும். காரத்தைக் காட்டும் பிஎச் அளவு 9-க்குக் கீழே இறங்கினால் வேறு பாசிகள் குடியேறிவிடும். தண்ணீர் அப்போதும் பச்சையாகவே இருக்கும் என்பதுதான் ஆபத்து.

வெயிலுக்குப் பயப்பட வேண்டாம். 35 டிகிரிச் சூடு இதற்குச் சுகம். சித்திரை நடுப்பகலுக்கு மட்டும் நிழல்வலை போதும்.

உலர்த்துவதைப் பற்றி உங்கள் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. பாசியைத் துணியில் வடிகட்டி, தண்ணீர் போகப் பிழிந்து, இடியாப்ப உரலில் இட்டுத் தட்டில் நூல் நூலாகப் பிழிய வேண்டும். மாசி வெயிலில் அன்றைக்கே மொறுமொறுவென்று ஒடியும். ஆடி ஈரக்காற்றில் காயாமல் கிடந்து நாற்றமெடுக்கும். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியுமா?

இன்னொன்று: "வைட்டமின் பி12 நிறைந்தது" என்ற வரியை எடுத்துவிடுங்கள். இதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்கு உதவாத போலி வகை. சாப்பாட்டில் பி12 எளிதில் கிடைக்காத சைவக் குடும்பத்துத் தாய்மார்கள் அதை நம்பிவிடுவார்கள்.

மூன்று தொட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒன்றை மட்டும் கட்டி, மேலே ஒளி புகும் பாலித்தீன் கூரை போடுங்கள். ஒரு பிஎச் மானியும் வாங்குங்கள். மழை ஓய்ந்தபின் கார்த்திகையில் தொடங்கிச் சித்திரை வரை ஓட்டிப் பார்க்கலாம். முதல் அறுவடை ஆய்வுக்கூடத்துக்குப் போகட்டும்; நச்சுப்பாசி கலக்கவில்லை என்று தாள் வந்தபிறகு பிள்ளைகளுக்குக் கொடுப்போம். தொட்டி கழுவும் முறைக்கு என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பும் ஒரு தகப்பன்