செல்வத்துக்கு, மொரீஷியஸ் ரோஸ் ஹில்லிலிருந்து

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். உன் பொங்கல் வாழ்த்துக்குப் பதில் போடாததற்கு என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. அம்மியில் வைத்து அரைக்கிற குழவியை உங்கள் பக்கம் யாராவது 'பிள்ளை' என்றோ 'குழந்தை' என்றோ சொல்லிக் கேட்டிருக்கிறாயா? அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்து மேலே படி.

யூடியூபில் சேனல் தொடங்கப் போகிறேன் என்று போனில் சொன்னபோது, "மெஸ் மாஸ்டர் மாதிரி நீயும் கிளம்பிட்டியா" என்று சிரித்தாய். கிளம்பிவிட்டேன்டா. பத்து மாதம் ஆகிறது. இந்தப் பத்து மாதத்தில் பள்ளிக்கூடம், சேனல், தூக்கம், இந்த மூன்றைத் தவிர எனக்கு வேறொன்றும் இல்லை. அதனால்தான் உனக்குக் கடிதம் இல்லை. போன தடவை நீயும் எட்டு மாதம் எழுதவில்லை என்பதை மட்டும் ஞாபகப்படுத்திவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் பாடங்கள்தான் போட்டேன். அ, ஆ, இ, ஈ. இங்கே பிள்ளைகள் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள், வீட்டுக்குப் போனதும் எல்லாம் க்ரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் தீவுப் பேச்சு. விடுதியில் எங்கள் ரூபாய் நோட்டை அறை அறையாக எடுத்துப் போய் "தமிழ் எழுத்து, தமிழ் எண், பாருங்கடா" என்று காட்டினாயே, அந்த நோட்டில் இருக்கிற எழுத்தை என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் யாரும் வாசிப்பதில்லை. வீட்டிலும் ஒரு குரல் இருக்கட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். இருபத்திரண்டு பாடம் ஏற்றினேன். பார்த்தவர்கள் நாற்பது, ஐம்பது பேர். ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. யாருக்குமே வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்து நினைத்து இரவில் தூக்கம் போயிற்று.

காரணம் பிறகுதான் தெரிந்தது. வீடியோ ஏற்றும்போது 'இது குழந்தைகளுக்கானதா' என்று ஒரு கேள்வி வரும். அமெரிக்காவில் குழந்தைகளின் அந்தரங்கத்தைக் காக்க ஒரு சட்டம் இருக்கிறது, அதையொட்டி 2020 ஜனவரியிலிருந்து இதை எல்லோரும் சொல்லியாக வேண்டும். நான் 'ஆமாம்' என்று கொடுத்திருந்தேன். உண்மையும் அதுதான். அப்படிக் கொடுத்தால் அந்த வீடியோவுக்குக் கீழே யாரும் கருத்து எழுத முடியாது, புது வீடியோ வந்தால் மணி அடித்துச் சொல்வதும் கிடையாது. ஆக, நானே கதவைச் சாத்திவிட்டு ஏன் யாரும் வரவில்லை என்று உட்கார்ந்திருந்திருக்கிறேன். விதி நல்ல விதிதான், பிள்ளைகளைக் காக்க வந்தது. பாடங்களை இன்றும் அப்படியேதான் வைத்திருக்கிறேன், மாற்றிக் கொடுத்து ஏமாற்ற மனசு வரவில்லை.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். ஸ்டூடியோ என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு வீடியோவிலும் எந்த நொடியில் எத்தனை பேர் விலகிப் போனார்கள் என்று அதில் ஒரு கோடு வரைந்து காட்டும். என் பாடங்களில் நாற்பது நொடி வீணை, தலைப்பு, வணக்கம், என் பெயர், சேனலின் நோக்கம் என்று போகும். அந்த நாற்பது நொடிக்குள் கோடு மலையிலிருந்து கல் விழுந்த மாதிரி கீழே கிடக்கிறது. பாடம் ஆரம்பிக்கும்போது கேட்க ஆளில்லை. வகுப்பில் பிள்ளைகள் எழுந்து போக முடியாது, இங்கே கட்டைவிரல் போதும். வீணையை எடுத்துவிட்டேன். ஒரு சினிமாப் பாட்டுத் துண்டை வைத்துப் பார்த்தேன், மறுநாளே உரிமை கோரல் வந்தது, அதையும் எடுத்துவிட்டேன்.

இப்போது அத்தை விஷயம். மாயேபூர் அத்தை, உனக்கு ஊறுகாய் கொடுத்தனுப்பினாரே, அவர்தான். எண்பத்தாறு வயது. ஊரே தாந்தின் என்று கூப்பிடும், க்ரியோலில் அத்தை என்று அர்த்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன், ரசம் வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் க்ரியோலில் அது ரசோங். கறிவேப்பிலை கரிபுலே, முருங்கைக்கீரை ப்ரெட் முரூம். இதெல்லாம் நம் சொற்கள் என்று பலருக்குத் தெரியவே தெரியாது. சும்மா போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்தேன். வெளிச்சம் ஜன்னலிலிருந்து வந்தது. பூண்டு, மிளகு, சீரகத்தை அம்மியில் போட்டுக் குழவியை இரண்டு கையாலும் பிடித்து முன்னே தள்ளி இழுத்தார். கல்லின் நடுவில் ஒரு குழி. அறுபது வருடம் அரைத்த குழி. அரைத்து முடித்ததும் ஆள்காட்டி விரலால் குழவியை வழித்து, தண்ணீர் விட்டுக் கழுவி, ஒரு துணியில் சுற்றினார். சுற்றிக்கொண்டே, "பாபா தூங்கட்டும்" என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, செல்வம். அம்மிக்கு இங்கே ரோஷ் கரி என்று பெயர், குழவிக்கு பாபா. க்ரியோலில் பாபா என்றால் கைக்குழந்தை. சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த சொல், ஒரு நாளும் யோசித்ததில்லை. குழவி என்றால் குழந்தை என்று இலக்கண வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து நாம் படித்தோமே! யாரோ ஒரு தமிழ்ப் பெண் இந்தத் தீவுக்கு வந்து, பக்கத்து வீட்டுக்காரிக்கு இந்தக் கல்லின் பெயரைப் புரியும்படி சொல்லியிருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1735க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிப் பக்கமிருந்து வந்த கல்தச்சர் வீட்டுப் பெண்ணோ, 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலியாகக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவளோ, தெரியாது. சொல் போய்விட்டது, பொருள் தங்கிவிட்டது.

அந்த வீடியோ நாலரை நிமிடம். தொடக்கத்தில் கல் உரசுகிற சத்தம் மட்டும். நான் பேசவே இல்லை. அத்தை பேசுவது முக்கால்வாசி க்ரியோல், அதற்குத் தானாக எழுத்து வராது, ஒவ்வொரு வரிக்கும் தமிழ் நானே தட்டினேன். இரண்டு சாயங்காலம் ஆயிற்று. பத்து நாளில் பதினோராயிரம் பேர் பார்த்தார்கள். பக்கத்துத் தீவான ரீயூனியனிலிருந்து ஒரு அம்மா, தன் பாட்டியும் கரிபுலே என்றுதான் சொல்வாள் என்று எழுதினார். பாலக்காட்டிலிருந்து ஒருவர், "எங்கள் ஊரில் இதற்கு அம்மிக்குட்டி என்று பெயர்" என்றார். குட்டியும் பிள்ளைதானே! தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து ஒரு பையன் ஆங்கிலத்தில் எழுதினான், அவன் வீட்டிலும் இப்படி ஒரு கல் இருக்கிறதாம், அதற்குப் பெயர் சொல்ல ஆளில்லையாம். அதைத்தான் மறுபடி மறுபடி படித்தேன்.

மச்சான் உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். விளம்பர வருமானத்தில் பங்கு கேட்க ஆயிரம் சந்தாதாரர் வேண்டும், அதோடு பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோக்களுக்கு 90 நாளில் ஒரு கோடி பார்வை வர வேண்டும். ஒருவர் சராசரியாக இரண்டு நிமிடம் பார்த்தால் 4,000 மணி நேரத்துக்கு 1,20,000 பார்வை தேவை. வாரம் மூன்று போடு, அத்தை முகத்தைப் பெரிதாக வைத்து அதிர்ச்சியான தலைப்புக் கொடு என்கிறான். அத்தை முகத்தை வைத்து அதிர்ச்சியா? அவனோடு ஒரு வாரம் பேசவில்லை.

இனி சொல்லப்போவதுதான் இரண்டு மாதமாக என்னை அரிக்கிறது. ஒருவன் எழுதினான்: "இதுவும் தமிழா? கிழவிக்குப் பல்லும் இல்லை, மொழியும் இல்லை." நம் ஊர்க்காரன்தான், அழகான தமிழில் எழுதியிருந்தான். முந்நூறு பேர் அன்பாக எழுதியதெல்லாம் அந்த ஒரு வரிக்கு முன்னால் நிற்கவில்லை. அழித்தேன். கருத்துகளையெல்லாம் நான் பார்த்த பிறகே வெளியே விடும்படி அமைப்பை மாற்றினேன். ஆனாலும் கை ஓடவில்லை. கேமரா முன்னால் உட்கார்வதற்கு முன் "யார் பார்ப்பார்கள்?" என்று அத்தை கேட்டார், "நம் ஆட்கள்தான்" என்று சொல்லியிருந்தேன். அந்த வார்த்தைக்கு நான்தானே பொறுப்பு? தன் சமையலறையில் நிம்மதியாக இருந்த மனுஷியைக் கொண்டுபோய்த் தெருவில் நிறுத்திவிட்டேனோ என்று இருந்தது. ஏற்றுவதையே நிறுத்திவிட்டேன்.

போன வாரம் தாங்க முடியாமல் நேரில் போய் அவரிடமே சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே முழுவதும் கேட்டார். "லெஸ் லி கோஸே" என்றார். பேசிட்டுப் போகட்டும் என்று அர்த்தம். பிறகு காம்பை ஒடித்துப் போட்டுவிட்டு, "அந்தக் கல்லுக்குப் பெயர் தெரியாத பையனுக்கு நீ பதில் எழுதினாயா?" என்றார். எழுதவில்லை, செல்வம். இரண்டு மாதமாக எழுதவில்லை. அன்று இரவே எழுதினேன்.

வருகிற ஞாயிறு அத்தை தன் தாய் பாடிய தாலாட்டைப் பாடுகிறேன் என்றிருக்கிறார். அர்த்தம் அவருக்குப் பாதி தெரியாது, ராகமும் சொல்லும் அப்படியே இருக்கிறது. எனக்கு இப்போது சத்தம்தான் கவலை. அந்த வீட்டுக்குத் தகரக் கூரை, மழை வந்தால் ஒன்றும் கேட்காது. கடல் காற்று மைக்கில் மோதிப் படபடவென்று அடிக்கும், போன தடவை ஒரு பாட்டு முழுக்க அப்படிப் போயிற்று. சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்று வாங்கியிருக்கிறேன், பஞ்சு உறை போட்டது. ஜன்னலுக்கு ரஜாய் கட்டலாம் என்று இருக்கிறேன்.

உன்னிடம் கேட்பது இரண்டு. பதிவை அனுப்புகிறேன், தாலாட்டில் எனக்குப் பிடிபடாத சொற்களை அம்மாவும் நீயும் சேர்ந்து கேட்டுப் பாருங்கள். அங்கே யாரோ ஒரு பாட்டிக்கு அது தெரிந்திருக்கும். அப்புறம், அம்மா அம்மியில் அரைப்பதை ஒரு நிமிடம் போனில் எடுத்து அனுப்பு, குழவியை அவர் என்ன சொல்லி அழைக்கிறார் என்று கேட்டு. மிக்ஸி வந்து அம்மி கொல்லைக்குப் போய்விட்டது என்றால் கொல்லையிலேயே எடு, பரவாயில்லை. அத்தையின் பாபாவையும் அம்மாவின் குழவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட வேண்டும்.

போனைக் கிடையாகப் பிடி. உன் புகைப்படங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அன்புடன்,
தேவன்