ஃபின்ச்லியிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். அத்தானின் முழங்கால் நோ இப்போது எப்படி? "யூதருடைய கோவிலில் உனக்கு என்ன வேலை?" என்று போனில் கேட்டீர்கள். பிள்ளைகளின் சத்தத்தில் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதுதான் ஆறுதலாக எழுதுகிறேன்.

வட லண்டனில் ஃபின்ச்லி என்ற இடத்தில் நியூ நோர்த் லண்டன் ஜெப ஆலயம் இருக்கிறது. 2006இல் அவர்கள் ஒரு காரியம் தொடங்கினார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதியில்லாமல் நிற்கும் அகதிகளுக்குக் கதவைத் திறந்துவிடுவது. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், காசைக்கூடத் தொடமாட்டார்கள். நான் போவது நம் ஆட்களுக்கு மொழிபெயர்க்க.

வருகிறவர்கள் ஆப்பிரிக்கா, ஈரான், இலங்கை என்று பல நாட்டவர். இங்கே அகதிக் கோரிக்கை முடியும்வரை வேலை செய்ய அநேகமாக அனுமதி கிடையாது. அரசாங்கம் கொடுப்பது வாரத்துக்கு 50 பவுணுக்குள். கேஸ் மறுக்கப்பட்டால் பலருக்கு அதுவும் இல்லை. பஸ் காசு இல்லாமல் மைல்கணக்கில் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள், அக்கா. அதனால்தான் ஆலயத்தில் வந்துபோகிற செலவையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். சூடான சாப்பாடு, உடுப்பு, குழந்தைகளுக்கு நாப்கின், கடையில் சாமான் வாங்கக் கூப்பன், டொக்டர், வழக்கறிஞர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

கொடுக்கிற விதத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். உடுப்பை மூட்டையாகக் கையில் திணிப்பதில்லை. தோய்த்து, அளவு பிரித்து வைத்திருப்பார்கள், வேண்டியதை நாமே பார்த்து எடுக்கலாம். ஒரு எத்தியோப்பியத் தாய் மகளுக்கு மஞ்சள் குளிர்ச்சட்டையா சிவப்பா என்று வெகுநேரம் யோசித்தாள். பக்கத்தில் நின்ற வயதான யூத அம்மா அவசரப்படுத்தவில்லை, கண்ணாடியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார். நம் ஊர்த் தண்ணீர்ப்பந்தலில் யார் எவர் என்று கேட்காமல் செம்பை நீட்டுவார்களே, அந்தக் குணம்தான்.

அவர்களுடைய பழைய ஞானி மைமோனிடிஸ் தருமத்தை எட்டுப் படியாகப் பிரித்திருக்கிறார். வாங்குகிறவனுக்குக் கொடுத்தவன் யாரென்றும், கொடுத்தவனுக்கு வாங்கியவன் யாரென்றும் தெரியாமல் கொடுப்பது இரண்டாம் இடம்தான். ஒருவனுக்கு வேலையோ கடனோ கொடுத்து, இனிக் கைநீட்டாமல் வாழ வைப்பதே முதலிடம். வழக்கறிஞர் ஒரு மூலையில் இருந்து பத்திரங்களைப் பொறுமையாகப் புரட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு அந்த முதல் படிதான் நினைவுக்கு வரும். விசா கிடைத்தால்தானே வேலை.

அந்த ஆலயத்தின் ரபி, அதாவது மதகுரு, ஜொனதன் விட்டன்பர்க். அவருடைய தாத்தாவும் ஒரு ரபி, நாஜிகளின் ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கே வந்தவர். 2010இல் புதிய ஆலயத்துக்காக, தாத்தா பணிசெய்த ஃபிராங்க்ஃபர்ட் ஆலயத்தின் அணையா விளக்கிலிருந்து ஒளி எடுத்துக்கொண்டு, இவர் லண்டனுக்குப் பெரும்பாலும் நடந்தே வந்தாராம். உதவிக்கு நிற்பவர்களில் பலர் வீட்டில் இப்படி ஒரு கதை இருக்கிறது. 1938க்கும் 1939க்கும் இடையில் நாஜிகளிடமிருந்து தப்ப, பெற்றோரைப் பிரிந்து ரயிலிலும் கப்பலிலும் இந்த நாட்டுக்கு வந்த கிட்டத்தட்ட 10,000 பிள்ளைகளைப் பற்றி இங்கே எல்லாரும் அறிவார்கள்.

வாசலில் எப்போதும் காவலுக்கு ஆள் நிற்பார். இங்கே யூத ஆலயம் என்றால் அப்படித்தான், தாக்குதல் பயம் அவர்களுக்கு ஓயாது. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டும் முன்பின் தெரியாதவர்களை உள்ளே கூப்பிடுகிறார்களே, அதற்காகவே நான் அவர்களைக் கும்பிடுவேன்.

சரி, ஒரு உதவி. நெல்லியடிப் பக்கத்துப் பொடியன் ஒருவன் அங்கே வருகிறான். முதல்நாள் டொக்டர் "இரவில் நித்திரை வருகிறதா?" என்று கேட்க, நான் தமிழில் சொல்லி முடிக்கும் முன்பே அழுதுவிட்டான். இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறான், போன முறை இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினான். தாய்க்குப் போன் எடுத்தால் குரல் உடைந்துவிடுமாம், "உங்கள் அக்கா நேரில் போய்ச் சொல்ல முடியுமா?" என்று கேட்டான். விலாசம் தனித்தாளில் வைத்திருக்கிறேன். ஒரு பின்னேரம் போய் வாருங்கள். ஒழுங்காகச் சாப்பிடுகிறான், டொக்டர் பார்க்கிறார், கேஸுக்கு நல்ல ஆள் கிடைத்திருக்கிறது என்று சொல்லுங்கள். எப்போது காசு அனுப்புவான் என்று கேட்டால், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

அன்புத் தங்கை