கோரிக்கை மனு: சர்வாதிகார ஆட்சிகள் இளையோரைப் பயன்படுத்திய வரலாற்றைப் பாடசாலைகளில் கற்பிக்க வேண்டுதல்

வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்வி அலுவலகம்,
திருகோணமலை.

மதிப்புக்குரிய ஐயா/அம்மா,

நாங்கள் உவர்மலை, உப்புவெளி, சாம்பல்தீவுப் பகுதிகளில் தரம் 10, 11 படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர். உலகப் போர் எந்த ஆண்டு தொடங்கியது, யார் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் கடகடவென்று ஒப்புவிக்கிறார்கள். ஆனால் ஹிட்லர் தங்கள் வயதுப் பிள்ளைகளை எப்படித் தன் பக்கம் இழுத்தார் என்று கேட்டால் பதில் இல்லை. பரீட்சையில் வராது என்கிறார்கள். அதைக் கற்பிக்க வேண்டும் என்றுதான் இந்த மனுவை எழுதுகிறோம்.

ஜேர்மனியில் பத்து வயதிலேயே பிள்ளைகளை நாஸிக் கட்சியின் இளைஞர் அமைப்பில் சேர்த்தார்கள். முதலில் கையில் கொடுத்தது துப்பாக்கி இல்லை. சீருடை, பாட்டு, விளையாட்டு, கூடாரமடித்துத் தங்கும் பயணம், அப்புறம் 'நீதான் நாட்டின் நாளை' என்ற புகழ்ச்சி. 1939இல் அதில் சேர்வது கட்டாயமானது. 1943இல் பெரும்பாலும் 17 வயதுப் பையன்களை வைத்தே ஒரு கவசப் படைப்பிரிவை உருவாக்கி, அடுத்த ஆண்டு நோர்மண்டிச் சண்டையில் இறக்கினார்கள். இந்தப் படிமுறையைத்தான் பிள்ளைகள் விளங்கிக்கொள்ள வேண்டும். ஆசை காட்டுவது முதலில் வருகிறது, கட்டாயம் பிறகுதான் வருகிறது.

சீனாவில் 1966இல் தலைவர் மாவோவுக்காகத் திரண்ட 'செங்காவலர்' என்ற இளையோர் அமைப்பின் மாணவர்கள் தங்கள் ஆசிரியர்களையே அடித்தார்கள். மாவோவுக்கு அவர்களின் தேவை முடிந்ததும், 1968 கடைசியிலிருந்து, இலட்சக்கணக்கானோர் படிப்பை விட்டு வயல் வேலைக்குக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி நமது துறைமுகத்தில் குண்டு போட்ட ஜப்பானும், அடுத்த ஆண்டே பல்கலைக்கழக மாணவர்களைப் படைக்கு இழுத்தது. அவர்களில் பலர் தற்கொலை விமானிகளாக அனுப்பப்பட்டார்கள்.

மறுத்து நின்றவர்களையும் சொல்லிக்கொடுங்கள். ஹிட்லருக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் விநியோகித்த மியூனிக் மாணவி சோஃபி ஷொல், 1943 பெப்ரவரியில் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 21.

இது தூர தேசத்துக் கதை மட்டுமில்லை என்பது தங்களுக்கும் தெரியும். எங்கள் மாகாணத்திலும் போர்க்காலத்தில் பாடசாலை வயதுப் பிள்ளைகளின் கைகளில் ஆயுதம் கொடுக்கப்பட்டது. அதைப் பற்றி வீடுகளில் இன்னும் மெதுவாகத்தான் பேசுகிறோம். வகுப்பில் பேச ஆசிரியர்கள் தயங்குவது எங்களுக்குப் புரிகிறது. அதனால் முதலில் வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை வையுங்கள். தமிழ், முஸ்லிம், சிங்கள ஆசிரியர்கள் ஒன்றாக இருந்து பேசும் பட்டறையாக அது இருந்தால் மிகவும் நல்லது.

அதன்பின் தரம் 11இல் உலகப் போர்ப் பாடம் நடக்கும்போது மூன்று பாடவேளைகளையாவது இதற்கு ஒதுக்கித் தாருங்கள். இதற்குப் புள்ளி வேண்டாம், பரீட்சையும் வேண்டாம். நிலாவெளி வீதியிலுள்ள உலகப் போர் மயானத்துக்குப் பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப் போகவும் அனுமதி தாருங்கள். போக்குவரத்துச் செலவைப் பெற்றோராகிய நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இதைப் பற்றிப் பேச ஒரு நாளும் நேரமும் குறித்துத் தந்தால், எங்களில் சிலர் நேரில் வந்து சந்திப்போம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
தரம் 10, 11 மாணவர்களின் பெற்றோர்
திருகோணமலை